மூக்குத்தி மாறிய படம்

ஹட்டனில் நான் வேலை செய்யும் சுப்பர் மார்க்கெட்டில் ஒரு விதி இருக்கிறது. எந்தச் சாமானை அடுக்கினாலும் அதன் முகம் முன்னால் இருக்க வேண்டும். பெயர் எழுதியிருக்கிற பக்கத்துக்குத்தான் அங்கே முகம் என்று பெயர். சவர்க்காரத்துக்கு முகம் உண்டு. பருப்புப் பாக்கெட்டுக்கு உண்டு. கழிவறை கழுவுகிற போத்தலுக்கும் உண்டு. வாடிக்கையாளர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு ஏனோதானோ என்று வைத்துப் போனால், நாங்கள் பின்னாலேயே போய் அதைத் திருப்பி வைப்போம். "முகம் கலைஞ்சு கெடக்கு, பாருங்க" என்பார் மேற்பார்வையாளர். ஒரு நாளில் அவர் அதிகம் சொல்கிற வாக்கியம் அதுதான்.

தேயிலை வரிசை என் பொறுப்பு. அதில் கண் மட்டத்துக்கு நேராக இருக்கும் பச்சைப் பாக்கெட்டின் முகத்தில் என் அம்மாவின் முகம் இருந்தது.

கடையில் யாருக்கும் இது தெரியாது. நான் ஒளிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பாக்கெட்டில் சிரிக்கிற பெண்ணுக்கு ஒரு மகள் இருப்பாள், அவள் வந்து பாக்கெட்டை அடுக்குவாள் என்று யார் நினைப்பார்கள்? பால்மா டின்னில் இருக்கிற குழந்தைக்கு வீடு எங்கே என்று நானும் கேட்டதில்லை.

பொதுவாகவே விளம்பரங்களைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆவதில்லை. கடைச் சுவரில் ஒரு டீவி காலையிலிருந்து விளம்பரமாக ஓட்டிக்கொண்டிருக்கும். காசு வாங்கும் மேசையில் இருக்கிற தங்கச்சி, பூண்டுலோயாப் பக்கத்துப் பிள்ளை, ஒரு பால்மா விளம்பரம் வந்தால் மட்டும் கையை நிறுத்திவிடுவாள். பரீட்சைக்குப் போகும் மகனுக்குத் தாய் வாசலில் நின்று பால் கொடுப்பாள், மகன் திரும்பிப் பார்ப்பான். இவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "ஒங்களுக்கு ஒண்ணுமே தோணலியாக்கா?" என்று கேட்பாள். எனக்குத் தோன்றுவதெல்லாம் ஒன்றுதான். அந்தத் தாயின் உதடு சிங்களத்தில் அசைகிறது, சத்தம் தமிழில் வருகிறது, இரண்டும் கடைசிவரை சந்திப்பதே இல்லை. 'உன் வெற்றியின் வெண்மை' என்று முடிப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு தாயும் அப்படிப் பேசிப் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் எரிச்சல் வரும். பிறகு அதுவும் வருவதில்லை.

அம்மாவின் படம் எடுத்த கதைக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டம் கொட்டகலைக்கு மேலே இருக்கிறது. ஒரு தேயிலைக் கம்பனிக்காக விளம்பரக்காரர்கள் கொழும்பிலிருந்து வேனில் வந்து, சிரித்த முகமாக ஒரு பொம்பளை வேண்டும் என்று தோட்டத்துத் தொரையிடம் கேட்டிருக்கிறார்கள். தொரை, மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கிடம் சொல்ல, கண்டாக்கு காலையில் பேர் கொடுக்கிற பெரட்டில் நின்ற பெண்களை ஒருமுறை பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாராம். அம்மா சிரித்த முகம் ஒன்றும் இல்லை. வரிசையில் முன்னால் நின்றது அவள், அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. அன்று எனக்கு லீவு. நானும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

முதலில் வெற்றிலையைத் துப்பச் சொன்னார்கள். வாயைக் கொப்பளிக்கச் சொன்னார்கள். இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்க்கச் சொன்னார்கள். படங்கு கட்டாமல் மலைக்குள் இறங்கினால் தேயிலைச் செடியின் வாது சேலையைக் கிழித்துவிடும், ஆனால் படத்துக்குக் கிழிந்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது. அவர்களே ஒரு சிவப்புச் சேலை கொண்டுவந்திருந்தார்கள். கொழுந்து போடுவதற்கு அம்மா வைத்திருந்த நைலோன் பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு பிரம்புக் கூடையை மாட்டிவிட்டார்கள். எங்கள் டிவிசனில் கூடையைப் பார்த்தே வருசக்கணக்காகிறது. அதுவும் ஏதோ ஹோட்டலில் அலங்காரத்துக்கு வைத்த கூடை, பின்னல் அகலம். அம்மா அதற்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"இதுல கொழுந்து போட்டா பாதி மலைக்கே திரும்பப் போயிடும்."

படம் பிடிக்கிறவன் சின்ன வயசுக்காரன். "அம்மே, பொட்டக் ஹினாவென்ன" என்றான். கொஞ்சம் சிரிக்கச் சொல்கிறான் என்று அம்மாவுக்கும் விளங்கும். ஆனாலும் அவள் பக்கத்தில் நின்ற ஆபீஸ் கிளாக்கரைத் திரும்பிப் பார்த்து, "எதப் பாத்துங்கையா சிரிக்கிறது?" என்று கேட்டாள். கிளாக்கர் அதைச் சிங்களத்தில் கேட்டுவிட்டு வந்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"கொழுந்தப் பாத்து சிரிக்கட்டாம்."

அம்மா சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல், வாய் திறந்து, தோள் குலுங்கச் சிரித்தாள். கொழுந்தைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்களே என்று அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவன் பிடித்தான். 'மலையிலிருந்து ஒரு புன்னகை' என்று அதற்குக் கீழே எழுதினார்கள்.

கொஞ்ச நாளில் ஹட்டன் போகிற வழியில், வளைவில், பெரிய பலகையாக வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர் டவுனுக்குப் போகிற சாக்கில் பஸ்ஸை விட்டு அங்கேயே இறங்கினோம். அம்மாவும் வந்தாள். பலகைக்குக் கீழே நின்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். நன்றாக வந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஏதோ சரியில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது, என்ன என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்துக் காம்பராச் சின்னம்மாதான் கண்டுபிடித்தாள்.

"ஏ அக்கா, மாராப்பு வலப்பக்கம் கெடக்கு. மூக்குத்தியப் பாருங்க, அதும் மாறிக் கெடக்கு. இது நீங்க இல்ல. ஒங்களாட்டம் வேற யாரையோ போட்டுருக்காங்க."

அவள் சொன்னது உண்மை. அம்மாவுக்கு வலது மூக்கில் மூக்குத்தி. பலகையில் இடது மூக்கில் மின்னியது. நாங்கள் எல்லோரும் முந்தானையை இடது தோளில் போடுகிறவர்கள். பலகையில் வலது தோளில் கிடந்தது. எழுத்து ஒரு பக்கம் வர வேண்டும், அம்மா அந்த எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று படத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பிவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகு விளங்கியது. பல்லையும் வெள்ளையடித்தது போல் ஆக்கியிருந்தார்கள். இத்தனை பேர் சேர்ந்து செய்த வேலையில் ஒருவர் கண்ணுக்கும் மாராப்பு படவில்லை. படத்தில் சேலை கட்டியிருந்தவளும், பலகைக்குக் கீழே நின்ற நாங்களும்தான் சேலை கட்டுகிற ஆட்கள்.

பெண்கள் ஆளுக்கொன்று சொல்லிச் சிரித்தார்கள். அம்மா மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"என்னத்தம்மா சரியா இருக்கு? மூக்குத்தியே மாறியிருக்கு" என்றேன்.

"இல்ல, நாந்தான். சரியாத்தான் இருக்கு."

பெருமையில் சொல்கிறாள் என்று நினைத்தேன். பலகையில் படம் வந்தால் யாருக்குத்தான் இருக்காது? அதற்குமேல் நான் கேட்கவில்லை.

போன மாரி மழையில் அம்மா இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், நெஞ்சில் சளி என்றார்கள், திரும்பி வரவில்லை. சாவு வீட்டில் எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு வரவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன், கதிரை எடுத்துப் போட்டேன். "கல்லு மாதிரி நிக்கிறா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அதைவிட மோசமான ஒன்று நடந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணை மூடி அம்மாவை நினைத்தால் பாக்கெட்டுத்தான் வந்தது. வெள்ளைப் பல்லும் இடது மூக்குத்தியும் பச்சை எழுத்துமாக. அதற்குப் பின்னால் இருந்த அம்மா, வெற்றிலைக் கறை படிந்த பல்லோடு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள், வரவே இல்லை. கடையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த முகத்தைத் தொட்டுத் திருப்பி வைத்திருப்பேன்! கை பழகியது போல மனமும் பழகிவிட்டது. சொந்த அம்மாவின் முகத்தை விளம்பரத்துக்குப் பறிகொடுத்துவிட்டேனே என்று பயமாக இருந்தது. அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே உணர்ச்சி அந்தப் பயம்தான்.

கருமாதிக்கு முன்னால் சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. அடையாள அட்டையில் இருக்கிற படத்தில் அம்மா பொலிஸுக்குப் பயந்தவள் போல இருந்தாள். என் போனில் இருந்ததெல்லாம் முதுகும் பாதி முகமும். போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் அவள். தம்பிதான் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"பாக்கெட்ல இருக்கிறத வெட்டி எடுத்தா என்னக்கா?"

வேறு வழி இல்லை. நான் வேலை செய்யும் கடையிலேயே ஒரு பாக்கெட் வாங்கினேன். காசு மேசைத் தங்கச்சி, "என்னக்கா, தோட்டத்து ஆளுங்க தேயில வாங்குறீங்க" என்று கேலி செய்தாள். "கொழுந்து எங்களோடது, தூள் கடையோடது" என்றேன். சிரித்தாள்.

பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் ஸ்டூடியோ இருக்கிறது. பாக்கெட்டை நீட்டி, இது எங்கம்மா, மௌத்தாகிவிட்டார், படம் வேண்டும் என்றேன். அவர் பாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். படம் கம்ப்யூட்டரில் ஏறியது. எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தார். 'புன்னகை' போனது, 'மலை' போனது. கூடையும் போனது.

"பல்ல மட்டும் என்னால பழையபடி தர ஏலா தங்கச்சி. அவங்க அழிச்சதுக்கு அடியில ஒண்ணும் மிச்சமில்ல" என்றார்.

"பரவால்ல நானா. படம் மாறியிருக்கு, திருப்பிப் போடுங்க. மூக்குத்தி வலப்பக்கம் வரணும்."

அவர் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். திரையில் இருந்தவள் மறுபக்கம் திரும்பினாள், அம்மா வந்து உட்கார்ந்தாள். வலது மூக்கில் மூக்குத்தி, இடது தோளில் மாராப்பு. வாய் கொஞ்சம் ஒரு பக்கமாக ஏறியிருக்கும், அதுவும் ஏற வேண்டிய பக்கத்தில் ஏறியிருந்தது. அப்படி ஒன்று இருந்ததையே நான் மறந்திருந்தேன். அவளைத் திரும்பப் பிடித்துவிட்டேன் என்று தோன்றியது. நிம்மதியாக இருந்தது. ஆனால் அழுகை வரவில்லை.

தம்பி படத்தை மாட்டினான். எங்கள் காம்பராவில் புதிதாக ஆணி அடித்தால் சுவர் உதிரும். பழைய கலண்டர் ஆணி ஒன்று வாசலுக்கு நேரே இருந்தது, அதில் மாட்டினான். வாசல் நிலைக்குப் பக்கத்தில் கண்ணாடி தொங்குகிறது. பெரட்டுக்குப் போகுமுன் அம்மா தினமும் அதில்தான் தலை வாரி, பொட்டு வைத்துக்கொள்வாள். வீட்டில் இருப்பது அந்த ஒரு கண்ணாடிதான்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பி, அந்தக் கண்ணாடிக்கு முன் நின்று தலை வாரினேன். என் தோளுக்கு மேலே, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த அம்மா தெரிந்தாள். மூக்குத்தி இடது பக்கம். மாராப்பு வலது தோளில்.

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது.

நாங்கள் ஆயிரம் முறை பார்த்த முகம் வேறு. அம்மா ஆயுசு முழுக்கத் தன்னுடையது என்று பார்த்த முகம் இது. அதிகாலையில், இந்தக் கண்ணாடியில், பொட்டு வைத்துக்கொண்டே பார்த்த முகம். பலகைக்குக் கீழே நின்ற அத்தனை பேருக்கும் தப்பாகத் தெரிந்த படம் அவளுக்கு மட்டும் சரியாக இருந்ததில் என்ன ஆச்சரியம்? "நாந்தான்" என்றாளே. நான் அதைப் பெருமை என்று நினைத்தேனே. நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தம்பி ஓடி வந்து என்ன என்னவென்று கேட்டான். கண்ணாடியைக் காட்டினேன்.

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய்க் கடைக்குள் நுழையும்போது மேற்பார்வையாளர் தேயிலை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். என் கண்ணைப் பார்த்துவிட்டு, நேரம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"முகம் கலைஞ்சு கெடக்கு பாருங்க" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

ஒரு பாக்கெட் பின்பக்கம் காட்டி நின்றது. அதை எடுத்துத் திருப்பினேன்.

"இது எங்கம்மா சார்" என்றேன்.