பூட்டிய வீட்டில் தேய்ந்த அம்மி

பென்ஷன் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. நாங்கள் இல்லாத காலத்தில் எங்கள் வீட்டில் யாரோ குடியிருந்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது என் கணவர் சிரித்தார். அவர் மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்தவர். யார் எதைச் சொன்னாலும் ஓம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவர். நான் அப்படியில்லை. ரயில்வே குவாட்டர்ஸில் பால்காரன் பால் ஊற்றும்போது விரலை விட்டுப் பார்த்து வாங்கியவள் நான். சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது. அதனால் எனக்கு ஒரு நட்டமும் வந்ததில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

வீடு சண்டிலிப்பாயில். எனக்குச் சீதனமாக வந்த காணியில், மலாயாச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய கல்வீடு. நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆறு மாத லீவு கிடைக்கும். கப்பலில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி ஊருக்கு வருவோம். மாம்பழக் காலத்தைப் பார்த்துத்தான் லீவே கேட்பார். வந்து இறங்கினால் முற்றம் கூட்டிக் கிடக்கும், கிணறு இறைத்திருக்கும், குசினியில் புதுப்பானை வைத்திருக்கும். கீரிமலையில் குளிப்பு, கோயில் திருவிழா, வீட்டுக்கு வீடு விருந்து என்று ஆறு மாதமும் ஓடிவிடும். இந்தத் தீவைவிட்டால் சாவதற்கும் வேறு இடமில்லை என்று ஒவ்வொரு தடவையும் கப்பலில் அழுதுகொண்டு போவேன். பூட்டிவிட்டுப் போகும் வீட்டின் திறப்பு மச்சாளிடம் இருக்கும்.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. இளவயதிலேயே புருஷனை இழந்தவர், ஒரே மகள். அளவெட்டியில் இருந்த தன் வீட்டை, எங்கள் ஊர் வழக்கப்படி, மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு மகள் குடும்பத்தோடேயே இருந்தார். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார். இடையிடையே நடந்து வந்து எங்கள் வீட்டைத் திறந்து, கூட்டித் துடைத்துவிட்டுப் போவதாகவும் சொன்னார். பாவம், அவ்வளவு தூரம் வெயிலில் வருகிறாரே என்று ஒவ்வொரு லீவிலும் நல்ல சேலையாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

லீவில் வருகிறவளுக்கு வீடு கண்ணில் படாது. வந்தவர்களுக்குப் பலகாரம் வைக்கவும் போன இடத்தில் சாப்பிடவும்தான் நேரம் சரியாக இருக்கும். இனி இங்கேதான் என்று பெட்டியெல்லாம் அவிழ்த்துவிட்டுக் குசினிக்குள் உட்கார்ந்த பிறகுதான் கண் திறந்தது. முதலில் அம்மி. வீடு குடிபுகுந்தபோது நானே பார்த்து வாங்கிப் பொளிவித்துப் போட்ட அம்மி அது. நாலைந்து வருஷத்தில் ஒரு ஆறு மாதம் மட்டும் அரைக்கிற அம்மி நடுவில் குழி விழுமா? அண்ணாந்து பார்த்தேன். கூரை வளைகளில் புகை படிந்த அட்டுக்கரி சடை சடையாகத் தொங்கியது. பூட்டிக் கிடந்த வீட்டில் அடுப்பு தானாக எரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு பசு. பக்கத்து வீட்டில் கட்டியிருந்த செங்காரிப் பசு, பொழுது சாயும் நேரம் கயிற்றை அவிழ்த்தால் போதும், நேரே எங்கள் வேலிப் படலையில் வந்து நின்று முட்டும். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து இழுத்துக்கொண்டு போவாள். ஒருநாள், பழக்கதோஷத்தில் வருகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். என்ன பழக்கம் என்று கேட்டேன். மாட்டுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். ஊரே சேர்ந்து எனக்கு ஒன்றை மறைக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மச்சாள் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். வேறென்ன? யாரோ முன்பின் தெரியாதவள் என் அம்மியில் அரைத்திருக்கிறாள், யாரோ ஒருவன் என் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்கிறான் என்று நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அது உண்மையென்றால் மச்சாளை இந்தப் படலைக்குள் இனிக் கால்வைக்க விடமாட்டேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அக்கா அப்படிச் செய்கிற ஆளில்லை என்று சொன்னார். அப்படியானால் நீங்களே கேளுங்கள் என்றேன். அவர் எழுந்து வேலி பார்க்கப் போய்விட்டார்.

மச்சாள் அந்த நாட்களில் தினமும் காலையில் அளவெட்டியிலிருந்து வருவார். விறாந்தையில் கதிரை இருக்கும், உட்கார மாட்டார். நேரே குசினிக்குள் போய்த் தேங்காயைத் துருவத் தொடங்குவார். ஊரோடு வந்து குடியேறின எனக்கு உதவி என்றுதான் பெயர். என் மனமோ, தடயத்தை அழிக்க வருகிறார் என்று சொன்னது. ஆகவே நான் ஒரு வேலை செய்தேன். அடுப்பின் வலது பக்கத்து மாடத்தில் இருந்த உப்புப் பானையை எடுத்து இடது பக்கத்தில் வைத்தேன். அடுத்த நாள் மச்சாள் குழம்பைக் கிண்டிக்கொண்டு ஏதோ கதைத்தபடியே, திரும்பிப் பாராமல் கையை வலது மாடத்துக்குள் விட்டார். கை வெறும் மாடத்தைத் துழாவியது. இடையிடையே வந்து கூட்டிவிட்டுப் போகிறவரின் கையோ, நாலு நாள் உதவிக்கு வந்தவரின் கையோ அல்ல அது; வருஷக்கணக்காகப் பழகிய கை. நிமிர்ந்தார். நான் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் இடது பக்கத்திலிருந்து உப்பை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் மச்சாள் வரவில்லை. அதற்கடுத்த நாட்களும் வரவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு என்று எனக்குள் ஒரு திருப்திகூட வந்தது. கிழமை ஒன்று போனபின் மாட்டுவண்டி பிடித்துக்கொண்டு நானே அளவெட்டிக்குப் புறப்பட்டேன். யாரைக் குடிவைத்து, என் அடுப்பில் யாருக்குச் சமைத்துப் போட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்பதற்குத்தான் போனேன். கணவர் தடுக்கவுமில்லை, கூட வரவுமில்லை.

மச்சாளின் மருமகன் தோட்டக்காரர், மரியாதையான மனிதர். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கதிரையைத் தட்டிப் போட்டார். உள்ளே போய்க் கோப்பி போடச் சொல்லிவிட்டு வந்து எதிரே நின்றார். வீட்டில் பிள்ளைகளின் சத்தம் நிறைந்திருந்தது. சிறிய வீடு, இரண்டு அறைதான். மாமா சுகமா என்று கேட்டார். கொஞ்சம் தயங்கி, பிறகு கேட்டார்.

"உங்கடை லீவு எப்ப முடியுது, மாமி?"

எனக்கு விளங்கவில்லை. எந்த லீவு என்று கேட்டேன்.

"இல்லை, இந்த முறை நீண்டு போச்சுது போலை கிடக்கு. நீங்கள் லீவிலை வந்து நிக்கிற நாளிலைதானே உங்கடை மச்சாள் இஞ்சை வந்து நிக்கிறவ. மற்ற நாளெல்லாம் உங்கடை வீட்டிலைதானே. நீங்கள் காவலுக்கு இருக்கச் சொன்னதெண்டு சொன்னவ. இஞ்சை இடமில்லை, மாமி. பிள்ளையளும் வளர்ந்திட்டுதுகள். கொட்டிலுக்கைதான் படுக்கிறா. மாரி தொடங்கினால் என்ன செய்யிறதெண்டுதான் யோசிக்கிறன்."

கையில் கோப்பியை வாங்கியது நினைவிருக்கிறது, குடித்தது நினைவில்லை. எங்களுக்கு மகள் வீட்டில் இருப்பதாகச் சொல்லி, மகள் வீட்டுக்கு எங்கள் வீட்டைக் காவல் காப்பதாகச் சொல்லி, அந்த மனுஷி இத்தனை வருஷம் தலைக்குமேல் ஒரு கூரையை வைத்திருந்திருக்கிறார். நாங்கள் லீவில் வரும் ஒவ்வொரு முறையும் அடுப்பை மெழுகி, தன் பசுவைப் பக்கத்து வீட்டில் கட்டி, தன் சுவடே தெரியாமல் வீட்டை எங்களுக்காக ஒழித்துக் கொடுத்திருக்கிறார். இந்த முறை நாங்கள் திரும்பிப் போகமாட்டோம் என்பதை இங்கே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் இவர்களுக்கு அவர் ஆறு மாத விருந்தாளி இல்லை என்று தெரிந்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால் புகையிலை உலர்த்துகிற கொட்டிலுக்குப் போனேன். காரமான புகை மணம் தொண்டையைப் பிடித்தது. ஒரு மூலையில் பாயைச் சுருட்டிவைத்து அதன் அருகில் மச்சாள் உட்கார்ந்து இலை கோர்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். மருமகனின் குரல் அவருக்கும் கேட்டிருக்கும். கண்ணைத் தாழ்த்தவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

"உம்மடை சீதன வீட்டிலை நான் இருக்கட்டோ எண்டு கேட்டிருந்தால் நீர் விட்டிருப்பீரோ?" என்றார்.

நான் பொய் சொல்லப் போகவில்லை. விட்டிருக்க மாட்டன் என்றேன். பெண்ணுக்கு எழுதின வீட்டில் புருஷனின் அக்கா குடியிருந்தால் நாளைக்கு அந்த வீடு யாருடையது என்ற பேச்சு வரும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். என் தாயும் அப்படித்தான் சொல்லியிருப்பார். மச்சாள் தலையை ஆட்டினார். நான் சொன்னது சரி என்பதுபோலத்தான் ஆட்டினார்.

இந்த இடத்தில் என் மனம் ஒரேயடியாக இளகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அப்போதும் எந்த அறையைக் கொடுப்பது, ஊர் என்ன சொல்லும், இவர் மகள் நாளைக்குப் பங்கு கேட்டு வருவாளா என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டுதான் நின்றேன். ஆனால் இவரை இந்தப் புகைக்குள் விட்டுவிட்டுப் போய் அந்தக் குசினியில் என்னால் ஒரு நேரமும் சமைக்க முடியாது என்பதும் தெரிந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"வண்டி வெளியிலை நிக்குது. வெளிக்கிடுங்கோ" என்றேன்.

மச்சாள் உடனே வெளிக்கிடவில்லை. கொடியில் கிடந்த சேலைகளையும் மூலையில் இருந்த சின்னத் தகரப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தினை மாதத்துக்கு?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்கவில்லை. எதை எடுப்பது, எதை இங்கே விட்டுவைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் கொடியில் கிடந்த சேலைகளை இழுத்து அவர் கையில் வைத்தேன்.

"எல்லாத்தையும் எடுங்கோ."