தம்பி கடையில் வாங்காத வண்டி

கனிஷ் எண்ணெயில் மாவுத்துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். கணவன் சப்பார் ஓஷ் நகரத்திலிருந்து ஓட்டிவந்த புது மோட்டார்சைக்கிளைப் பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். இங்கே நாரினிலேயே மோட்டார்சைக்கிள் கடை வைத்திருக்கும் அவள் தம்பி துராத்தும் வந்தான். அவன் மனம் கோணிவிடுமே என்றுதான் அவளுக்குக் காலையிலிருந்து கவலை. புதுசை முதலில் பார்ப்பவர்கள் வைக்கிற வழக்கப்படி, சீட்டின்மேல் ஒரு பண நோட்டை வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"என் கடை என்ன மச்சான், பூட்டியா கிடந்துச்சு? மலையத் தாண்டிப் போயிருக்கீங்க!"

"உங்கிட்ட வாங்கி, வண்டி மக்கர் பண்ணினா யார்கிட்டடா சண்ட போடுறது? உங்கக்கா என்னைய வீட்டுக்குள்ள விடுவாளா?"

துராத் சிரித்துவிட்டான். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தவன் அடுப்பருகே வந்து நின்றான்.

"உனக்கும் முன்னாடியே தெரியுமாக்கா?"

ஓஷுக்குப் போய் வாங்கும் யோசனையைச் சொன்னதே அவள்தான். கனிஷ் தலையைத் தூக்காமல் எண்ணெயைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.  துராத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.