அத்தான் பொருத்திய இன்டர்கூலர்

அக்கா இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து அத்தானின் வீட்டுக்குத் திரும்பியபோது, சாப்பாட்டு மேசையை முழுக்க அடைத்தபடி அலுமினியத்தில் ஒரு சாமான் கிடந்தது. ஜன்னல் கதவு அளவுக்கு இருக்கும். நெருக்கமாக மடித்த மெல்லிய தகடுகள் வரிவரியாக ஓடின. அத்தானின் நண்பர் ஒருவர் வளைகுடாவிலிருந்து போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து அன்று காலைதான் வைத்துவிட்டுப் போயிருந்தார். "சாப்பிடுற இடத்துல என்ன மாப்பிள்ளை இது?" என்று அம்மா கேட்டாள். "இன்டர்கூலர் அத்தை. காருக்கு" என்றார் அத்தான். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. பூசைக்கு வந்த உறவினர்களுக்குத் தரையில் பாய் விரித்து இலை போட்டோம். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு இல்லை என்று யாரோ சொன்ன பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. அந்த மாதம் முழுக்க எனக்கு எதிலும் ருசி தெரியவில்லை. அழுகையும் வரவில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். பல வருடம் வளைகுடாவில் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்துவிட்டு எண்பதுகளின் நடுவில் ஊரோடு வந்துவிட்டார். துவாக்குடியில் பாய்லருக்குக் குழாய்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் மேற்பார்வை. வரும்போது ஒரு வெள்ளை ஜப்பான் காரைக் கப்பலில் கொண்டுவந்தார். அதன் பின்பக்கம் 'டர்போ' என்று வெள்ளி எழுத்தில் இருக்கும். அம்பாசிடரும் ஃபியட்டும் மட்டுமே ஓடிய திருச்சியில் அந்தக் கார் நின்ற இடத்திலெல்லாம் கூட்டம் கூடியது. எங்கள் வீடு மேலப்புதூரில், மாதா கோயிலுக்குப் பக்கத்தில். அக்காவும் அத்தானும் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய தெருவில் வீடு கட்டிக்கொண்டார்கள். அக்காவுக்குச் சிறு வயதில் வந்த காய்ச்சலால் இதய வால்வு பழுதாகியிருந்தது. வேகமாக நடந்தால் மூச்சு முட்டும். ஆற்றுக்காற்று அவளுக்கு நல்லது என்று அத்தான்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

சித்திரைத் தேர் அன்று மத்தியானம் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நான் அங்கேதான் இருந்தேன்; அப்போது ஒரு கான்வென்டில் ஆசிரியையாக இருந்தேன். அக்காவின் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பின் இருக்கையில் அக்காவின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். தெருவைத் தாண்டியதும் கார் நின்றுவிட்டது. கிராமங்களிலிருந்து வந்த ஜனம் சாலையை நிறைத்திருந்தது. மொட்டை போட்ட குழந்தைகள், நனைந்த துணியோடு ஆற்றிலிருந்து ஏறி வருகிறவர்கள், மாட்டு வண்டிகள், நீர்மோர்ப் பந்தல். அத்தான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். ஜனங்களும் முடிந்தவரை ஒதுங்கினார்கள். அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஒருவழியாக ஆற்றுப் பாலத்துக்கு வந்து அத்தான் காரை விரட்டியபோது, அது போகவில்லை. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்டது. பின்னால் வந்த டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. பாலம் முழுக்கக் கார் அப்படித்தான் திணறியது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். அன்று சாயங்காலம் அக்கா இறந்துபோனாள். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தாலும் பெரிசா எதுவும் செஞ்சிருக்க முடியாதுங்க" என்றார் டாக்டர். அத்தான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

பிறகு குழந்தைக்காக நான் ஸ்ரீரங்கத்திலேயே தங்கினேன். அம்மாவும் துணைக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடம் திறந்ததும் காலையில் பஸ் பிடித்துப் பாலம் தாண்டிப் போய், சாயங்காலம் திரும்பி வருவேன். அத்தான் வேலையிலிருந்து வந்ததும் காரின் முன்மூடியைத் திறந்துவிடுவார். ஒருநாள் காபி கொடுக்கப் போனபோது, நான் கேட்காமலேயே சொன்னார்: "சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு சுடுமில்ல, அதே மாதிரிதான். டர்போ காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுது. அமுக்கினா காத்து சூடாயிடும். சூடான காத்துல எஞ்சினுக்கு வலு வராது. அதை ஆற வைக்கத்தான் இன்டர்கூலர். இதுல கம்பெனிக்காரன் சின்னதா ஒண்ணைக் கொண்டுபோய் எஞ்சின் தலையிலயே வச்சிருக்கான். கூட்டத்துல நின்னா அதுவே வெந்துபோயிடுது." அக்கா இறந்த பிறகு அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அக்காவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

நண்பர் கொண்டுவந்தது ஒரு லாரியின் இன்டர்கூலர். காரில் அது நேராக உட்காராது. துவாக்குடியில் ஒரு பட்டறையில் அதன் இரண்டு ஓரங்களையும் வெட்டிப் புதிதாக மூடி வைத்துப் பற்றவைத்தார்கள். முதல் தடவை ஒழுகியது. திரும்பக் கொண்டுபோனார். அது முன்பக்கம் எதிர்காற்று படும் இடத்தில் உட்காரவேண்டும் என்பதற்காகக் காரின் முன்தகட்டைத் தானே ரம்பத்தால் அறுத்தார். கப்பலில் வரும்போது ஒரு கீறல் விழுந்ததற்காக இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழாய்களையெல்லாம் மாட்டி, உள்ளே காற்றை ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் விடச் சொன்னார். நான் ஊற்ற ஊற்ற, எங்காவது குமிழி வருகிறதா என்று அவர் குனிந்து பார்த்தார். வரவில்லை. "சரி, போதும்" என்றார். அக்கா இருந்திருந்தால் கைதட்டியிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்தும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. குழந்தைக்கு வேறொருத்தி அம்மாவாக வருவதைவிடச் சித்தியே வருவதுதான் நல்லது என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். அத்தானின் வீட்டிலும் அதைத்தான் விரும்பினார்கள். பங்குச்சாமியாரிடம்கூடப் பேசியாகிவிட்டது. வருட பூசை முடிந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பது என்று என் முன்னாலேயே, நான் அந்த அறையில் இல்லாததுபோல், பேசிக்கொண்டார்கள். அக்காவின் புடவைகளை அம்மா வெயிலில் உலர்த்தி மடித்து என் அலமாரியில் வைத்தாள். நான் சரி என்று சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. அந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் அத்தான் எழுந்து வெளியே போய்விடுவார்.

அடுத்த சித்திரைத் தேர் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், "கொஞ்சம் வர்றியா? காரை எடுத்துப் பார்க்கணும்" என்றார். ஜீயபுரம் பக்கம் ஆளில்லாத சாலையில் அவர் ஏற்கெனவே பலமுறை ஓட்டிப் பார்த்திருந்தார். ஆனாலும் அன்றைக்கு எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போய்ப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். முன்னால் வரச் சொல்லி அவரும் கூப்பிடவில்லை. அதே வெயில், அதே கூட்டம். தெருமுனை தாண்டியதும் கார் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. அவர் ஹாரன் அடிக்கவில்லை. பாலத்தில் ஏறியதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். கார் ஒரு கணம் யோசித்தது. பிறகு பாய்ந்தது. என் முதுகு இருக்கையில் போய் ஒட்டிக்கொண்டது. தட்டல் சத்தம் இல்லை. முன்னால் போன பஸ், லாரி எல்லாவற்றையும் தாண்டினோம்.

அந்த வேகத்திலேயே மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நாங்கள் வந்த வேகத்தைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து ஓர் ஊழியர் தள்ளுவண்டியோடு ஓடிவந்தார். பின்கதவைத் திறந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்கும்மா? நோயாளி எங்கங்க?" அத்தான்தான் இறங்கிப்போய் அவர் தோளைத் தொட்டு, "யாருக்கும் இல்லீங்க. மன்னிச்சுக்குங்க" என்றார்.

காரை எதிரே ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பெரிசா வித்தியாசம் இல்ல" என்றார். "கூட்டத்துலதான் நேரம் போயிருக்கு. பாலத்துல போனது கொஞ்சம்தான்."

"டாக்டர் அன்னிக்கே சொன்னாரே அத்தான்."

"சொன்னாரு."

ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் மணியடித்துக்கொண்டு போனார். அத்தான் முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "வீட்ல பேசிக்கிட்டிருக்காங்களே, நீ என்ன நினைக்கிற?"

"ஒண்ணும் நினைக்கல. ஒண்ணுமே தோண மாட்டேங்குது."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. ஆனா இது உன் வாழ்க்கை. குழந்தைக்காகன்னு பார்க்காத, எனக்காகன்னும் பார்க்காத. உனக்கு வேணுமா, வேண்டாமா?"

"வேண்டாம் அத்தான்" என்றேன். அந்த ஒரு வருடத்தில் நான் உறுதியாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். "சரி" என்றார். அவருக்கு அது நிம்மதியாக இருந்ததா, வருத்தமாக இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. திரும்பும்போது மெதுவாகவே ஓட்டினார். பாலத்தில் போகும்போது எனக்கு அழுகை வந்தது. சத்தமாக, மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி அழுதேன். அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார். "அத்தை, இந்தக் கல்யாணம் வேண்டாம். எனக்கு இஷ்டமில்ல. அவகிட்ட எதுவும் கேட்காதீங்க." அம்மா அவரை நன்றிகெட்டவன் என்றாள். என் பெண்ணை ஊர் சிரிக்க வைத்துவிட்டாய் என்று கத்தினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மறுநாளே நான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "அவனைக் காப்பாத்தப் பாக்குறியா?" என்று கேட்டாளே தவிர நம்பவில்லை. சில மாதங்களில் அத்தான் காரைத் துறையூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு மறுபடி வளைகுடாவுக்குப் போனார். குழந்தை எங்களோடு மேலப்புதூரில் வளர்ந்தாள். பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. அத்தான் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து, கோயில் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. சாகும்வரை அவரோடு பேசவும் இல்லை.

அந்தக் குழந்தைக்கு இப்போது அக்காவைவிட வயது அதிகம். அத்தான் அவளோடுதான் இருக்கிறார். போன மாதம் நான் போயிருந்தபோது, அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அடுக்களையில் வைத்து அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சித்தி, அன்னிக்கு அப்பா ஏன் உங்களை வேண்டாம்னு சொன்னாரு?"

"அவர் சொல்லலடி. நான்தான் சொன்னேன். அத்தனை பேர் பேசினாங்க, என்னைக் கேட்டது உங்கப்பா ஒருத்தர்தான்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "போன வாரம்கூடக் கேட்டேன் சித்தி" என்றாள். "நான்தாம்மா வேண்டாம்னு சொன்னேன்னுதான் சொன்னாரு."