வரப்பேறி வரும்வரை

மங்கையர்க்கரசி மேடம் இறந்த செய்தி, எங்கள் கல்வியியல் கல்லூரியின் வாட்ஸாப் குழுவில், வருகைப்பதிவு நினைவூட்டலுக்கும் உள்தேர்வு அறிவிப்புக்கும் நடுவில் வந்தது. கீழே கூப்பிய கைகள் வரிசையாக விழுந்தன. நாற்பத்தொன்று. எண்ணுவது என் பிழைப்பு. நான் புள்ளியியல் நடத்துகிறவன்.

அவருடைய ஆய்வில் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும்: இணையவழியில் கூடிப் படிப்பவர்களிடம், அந்த அனுபவம் அவர்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்பார். நிகழ்வியல் என்று அதற்குப் பெயர்.

"ஏன்னு கேட்டா காரணம் சொல்வாங்க சார். எப்படி இருந்துச்சுன்னு கேட்டாத்தான் நடந்ததைச் சொல்வாங்க" என்பார்.

எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்றேன். ஏழு என்றார்.

"கல்யாணப் பந்தியில ஒரு வரிசைக்குக்கூட காணாதே மேடம்!"

சிரித்தார். எட்டாவது ஆளைத் தேடவில்லை.

குடவாசல் பக்கத்திலிருந்து வரும் செல்வி எங்கள் பி.எட். மாணவி, இரண்டு பிள்ளைகளின் தாய். இணைய வகுப்பில் கேமரா போடமாட்டார். பெயர் சொல்லிக் கேட்டாலும் பதில் வராது. 'பங்கேற்பு இல்லை' என்று பதிந்தேன். அந்த மதிப்பெண் போனால் அவருக்கு ஓர் ஆண்டு போகும்.

மறுநாள் மேடம் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். செல்வி உட்கார்ந்திருந்தார். "உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் செருப்போட வாசல்ல விட்டுட்டு வாங்க சார்" என்றார் மேடம். நான் செருப்பை மட்டும் விட்டேன்.

"சார் கேள்வி கேக்கறப்ப உனக்கு எப்படிம்மா இருக்கும்?"

நான் பேச வாயெடுத்தேன்; மேடம் கையமர்த்தினார். நெடுநேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

"குத்தகை வயல்ல நட்டுக்கிட்டு இருப்பேன் மேடம். காதுல இயர்போன். பதில் தெரியும், ஆனா கையெல்லாம் சேறு. வரப்பேறி, வாய்க்கால்ல கழுவிட்டு, போனைத் தொடறதுக்குள்ள சார் அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க. நாத்துக்கிட்ட பதிலைச் சொல்லிட்டு நட்டுருவேன்."

"நாத்தெல்லாம் பாஸாயிருக்கும்" என்றார் மேடம்.

செல்விதான் முதலில் சிரித்தார். அன்றே பதிவைத் திருத்தினேன். மேடம் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நேற்று இணையவழியில் இரங்கல் கூட்டம். திரை முழுக்க இருட்டுக் கட்டங்கள். "யாராவது பேசறீங்களா?" என்று கேட்டேன். முடித்துவிடலாம் என்றார் முதல்வர்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றேன்.

மேடத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்: கேட்ட பிறகு, ஒருவர் வரப்பேறிக் கை கழுவி வரும்வரை காத்திருப்பது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எண்ணவில்லை.

ஒரு கட்டத்தில் மைக் திறந்தது. முதலில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"சார், செல்வி பேசறேன்."