அத்தையின் இடது காது

என் அத்தைக்கு இடது காது கேட்காது. சின்ன வயதுக் காய்ச்சலில் போனது. ஆகவே ஞாயிறு ஆராதனையின்போது கோயிலில் பெண்கள் பக்கத்தின் இடது ஓரத்தில், சுவரை ஒட்டியே உட்காருவார். பாட்டும் பிரசங்கமும் வலது காதில் விழ வேண்டும் என்பது கணக்கு. சுவருக்கும் அவருக்கும் நடுவில் என் இடம். பிரசங்க நேரத்தில் முறுக்குக் கடித்தால் அவருக்குக் கேட்காது என்பதால் அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த வருடம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்து முடித்த கையோடு வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்து சுகமளிக்கும் கூட்டம் நடத்தினார். அத்தையின் இடது காதில் கை வைத்து ஜெபித்தவர், பின்னால் போய் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அத்தை திரும்பினார். சபை எழுந்து நின்று கை தட்டியது. இன்னொரு காது திறந்தேதான் இருந்தது என்பதை அந்தச் சந்தோஷத்தில் யாரும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் யோசித்தேன். அத்தையின் வலது காதில் பஞ்சை அடைத்துவிட்டு, அப்பாவின் கைக்கடிகாரத்தை இடது காதில் வைத்து, கேட்கிறதா என்று சைகை காட்டினேன்.

“இல்ல கண்ணு” என்று சிரித்தார்.

கருவிகளைச் சோதிப்பதுதான் இன்று என் வேலை. அந்தச் சோதனையில் இப்போதும் எனக்குக் குறை தெரியவில்லை.

அதற்குள் செய்தி மலை இறங்கிச் சேலம் போய்விட்டது. காதைக் காரணம் சொல்லி அத்தையை வேண்டாம் என்றிருந்த ஒரு குடும்பம், அப்பாவிடம் திரும்ப ஆள் அனுப்பியது. அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வருவார்கள். காது சரியானதாக அத்தை சபை முன்னால் சாட்சி சொல்வதைக் கேட்டுவிட்டு அன்றே பேசி முடிப்பார்கள். அத்தைக்கும் அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அவருடைய பேச்சு வந்தால் வேலை இல்லாமலே அடுப்படிக்குப் போய்விடுவார்.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். “நீ பொய்யெல்லாம் சொல்ல வேண்டாம் அம்மிணி. ஆண்டவர் நல்லவர்னு சொல்லிட்டு உக்காந்துக்க. மிச்சத்தை அவங்களே நெனச்சுக்குவாங்க.”

“அப்படி நெனச்சுக்குவாங்கன்னு தெரிஞ்சே சொன்னா, அதுவும் நான் சொன்னதுதானுங்க அண்ணி.”

கடிகார விஷயத்தில் வாய் திறக்கக் கூடாது என்று எனக்கும் உத்தரவு ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா பட்டுப் புடவையில் முன்வரிசையில் இருந்தார். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, “இனிமே நீ திருட்டு முறுக்குத் திங்க முடியாது சாமி” என்றார்.

போதகர் அழைத்ததும் அத்தை எழுந்தார்.

“எனக்கு எடது காது கேக்கலைங்க. அன்னிக்கு வலது காதுலதான் கேட்டுத் திரும்புனேன். அப்பவே சொல்லியிருக்கோணும், கை தட்டுன சத்தத்துல முடியலை. ஆண்டவர் கேக்க வெச்சார்னா நானே மொத ஆளாச் சொல்லுவேன். செய்யாததைச் செஞ்சார்னு அவர் பேர்ல சொல்லமாட்டேனுங்க. ஒத்தைக் காதோடவே என்னை நல்லா நடத்திட்டு வர்றார். அதுக்கு ஸ்தோத்திரம்.”

முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

வரிசை வரிசையாகக் கிசுகிசு கிளம்பியது.

“விசுவாசம் பத்தலை, வேறென்ன.”

“ஊழியக்காரர் மானத்தை வாங்கிட்டா.”

“இந்த வயசுல வந்த வரனை எட்டி ஒதைக்குது பாருங்க.”

கன்னத்தைக் கிள்ளிய அக்காவும் என்னவோ சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா ஆசீர்வாதத்துக்கு நிற்காமல் வெளியே போனார். அத்தை பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, அடுத்த பாட்டை ஒரு அடியும் விடாமல் பாடினார்.

எங்கள் ஊரான வெள்ளக்கடைக்கு நடந்து திரும்பும்போது அத்தை எல்லாருக்கும் முன்னால் போனார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அத்தை காதில் விழாத தொலைவில், அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

“நல்லவேளைங்கம்மா. அவங்க பேசுனது எதுவும் அத்தைக்குக் கேக்கலை.”

அம்மா என்னைப் பார்த்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த அத்தையை எட்டிப் பிடித்து, அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

கேட்காத காதின் பக்கம் அன்று கோயிலில் நானும் சுவரும் மட்டும்தான் இருந்தோம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.