இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

அண்ணே, உன்னை அடித்த மண்வெட்டிப் பிடியைப் போலீஸ்காரர் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போனார். அதில் உன் முடி ஒட்டியிருந்தது.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு நம் தோட்டத்து லய வீடுகளிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. அம்மா வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். "கோயில் ஆத்தாவையே ஏமாத்துனவனுக்கு நாங்க எதுக்குக் கும்பிடணும்?" என்று எதிர்வீட்டு அத்தை கதவைச் சாத்தினாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். உனக்காக யாராவது கும்பிட வேண்டும். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள். எனக்குத் தெரிந்த மாதிரிதான் சொல்ல முடியும்.

லாயாங் லாயாங் ஊரைத் தாண்டி இருக்கிற நம் செம்பனைத் தோட்டத்தில் தீம் பார்க் வரப்போகிறது என்று கம்பெனிக்காரர்கள் ஒரு பெரிய படத்தைக் கொண்டுவந்து திடலில் நிறுத்தினார்கள். நம் வீடு இருக்கும் இடத்தில் அலையடிக்கும் குளம் வரைந்திருந்தது. லயத்தைக் காலி செய்யக் கையெழுத்துப் போட்டால் அடுக்குமாடியில் வீடு, பிள்ளைகளுக்கு வேலை என்றார்கள்.

நீ அந்தப் படத்தை நம்பினாய். சிங்கப்பூருக்குத் தினமும் மோட்டர் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்து, தூக்கக் கலக்கத்தில் ஒருமுறை எல்லைப் பாலத்தில் விழுந்து தோள்பட்டை உடைந்தவன் நீ. "அந்த ரோலர் கோஸ்டர் சுவிட்ச தட்டுற வேல கெடச்சா போதும் லா. மத்தியானம் வீட்டுல வந்து சோறு திம்பேன்" என்றாய்.

சித்தப்பா நம்பவில்லை. "முன்ன கோல்ப் திடல்னு போர்டு நட்டானுங்க. போர்டத்தான் கறையான் தின்னுச்சு. வீட்டக் காலி பண்ணிட்டு எங்கடா போவ, ராட்டினத்துலயா படுப்ப?" என்றார்.

சாயாக் கடையில் அவர் உன்னை அறைந்தார். நீ ஹெல்மெட்டால் அவர் வாயில் அடித்தாய். முன்பல் இரண்டு போயின. மறுநாள் கம்பெனிக் காரின்மேல் எறிந்த கல் ஒன்று தவறி அம்மாவின் நெற்றியைக் கிழித்தது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் ஒருவர் முடியை ஒருவர் பிடித்துத் தரையில் இழுத்தார்கள். எல்லாரும் ஒரே கோயிலில் கூழ் குடித்தவர்கள்தான்.

கடைசியில் கோயில் தலைவர் சொன்னார்: "வெட்டிக்கிட்டுச் சாவாதீங்க. பூக்கட்டிப் பாப்போம். வெள்ள வந்தா எல்லாரும் கையெழுத்து. சிவப்பு வந்தா ஒருத்தனும் போடக்கூடாது."

"ஆத்தா சொன்னா நான் இன்னைக்கே மூட்ட கட்டுறேன்" என்றார் சித்தப்பா. பல் போன வாயால் அவர் சொன்னதைக் கேட்டு யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

விரதம் இருந்த கன்னிப் பெண்தான் பொட்டலம் கட்ட வேண்டும் என்பது நம் கோயில் வழக்கம். என்னைச் சொன்னார்கள். ஞாயிறு காலையில் தலைக்குக் குளித்து, ஈரத்தோடு கோயில் பின்பக்கம் உட்கார்ந்து நந்தியாவட்டை ஒன்றும் செம்பருத்தி ஒன்றும் எடுத்து வைத்தேன். அப்போது நீ வந்தாய்.

"ரெண்டுலயும் வெள்ளைய வை."

"அண்ணே, ஆத்தா கண்ணக் குத்திருவா."

நீ என் கையைப் பிடித்து முறுக்கினாய். எலும்பு நெரிந்தது. என்னைவிட நீதான் அதிகமாக அழுதாய். பிறகு விட்டுவிட்டாய். விட்ட பிறகுதான் நான் இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

சின்னப் பிள்ளை ஒன்று இரண்டில் ஒரு பொட்டலத்தை எடுத்தது. வெள்ளை. பெண்கள் குலவை போட்டார்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஆற்றில் விட வேண்டும். தோற்றவர் என்று சித்தப்பாவிடமே அதைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் திடலில் கம்பெனிக்காரர் போட்ட மேசைமுன் வரிசையாக நின்றார்கள்.

முதல் ஆள் பேனாவை எடுக்கும்போது சித்தப்பா முழங்கால்வரை நனைந்து வந்தார். மேசையில் பொட்டலத்தை வைத்தார். அது பிரிந்திருந்தது.

"பிரிச்சது என் குத்தம்தான். பூவப் பாருங்கடா."

எல்லாரும் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முன்னால் வந்துவிட்டாய். "நான்தான் மாத்துனேன். தங்கச்சி அந்தப் பக்கம் போனப்ப மாத்துனேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

உன்னோடு பந்து விளையாடியவன்தான் முதலில் முகத்தில் குத்தினான். நீ விழுந்ததும் செம்பனையின் பச்சை மட்டையை எடுத்து வந்தார்கள். முள் சட்டையோடு சதையையும் கிழித்தது. நீ முட்டி போட்டு எழுந்து "போதும்டா மச்சான்" என்றாய். அவன் உன் வாயிலேயே உதைத்தான். கம்பெனிக்காரர் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு காரில் ஏறினார். சித்தப்பா மண்வெட்டிப் பிடியை ஓங்கினார். முதல் அடி தோளில், உடைந்த அதே தோளில். இரண்டாவது முதுகில். மூன்றாவது அடியின் சத்தம் வேறு மாதிரி இருந்தது. அதற்குப்பின் யாரும் அடிக்கவில்லை. சித்தப்பா கட்டையைப் போட்டுவிட்டு உன் தலையை மடியில் தூக்கி வைத்து, "டேய், டேய்" என்று உன் கன்னத்தைத் தட்டினார்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். கண் திறக்கவில்லை. சித்தப்பா இப்போது சிறையில். சித்தி நம் வாசலில் மண் வாரித் தூற்றிவிட்டுப் போகிறாள். தீம் பார்க் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. சிலர் அடுத்த வருடம் என்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள்.

எங்கள் லயத்து ஆட்களே, நீங்கள் அடித்தபோது நான் பத்தடி தள்ளி நின்றேன். "நான்தான் கட்டினேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் கை நின்றிருக்கும். பொம்பளைப் பிள்ளையை அடிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயத்தில் நின்றேன். ஆத்தாவை ஏமாற்றிய கை என்னுடையது. கோபம் இருந்தால் என்மேல் வையுங்கள், வாசலில் வந்து கேளுங்கள், இனி ஒளிய மாட்டேன்.

என் அண்ணனுக்கு மட்டும் எல்லாரும் கும்பிடுங்கள். அடித்தவர்களும் கும்பிடுங்கள். எங்களைத் தெரியாதவர்கள் இதைப் படித்தால், நீங்களும் அவனுக்காக ஒரு தடவை கும்பிடுங்கள்.