பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

எங்கள் தெருவில் பஞ்சவர்ணம் என்றால்தான் அவளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஒரே வீட்டுக்குள் ஐந்து நிறம் அடித்தவள் என்று தெரு கேலிக்கு வைத்த பெயர் இது. முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள். இப்போது விசிட்டிங் கார்டிலேயே அந்தப் பெயரைத்தான் அச்சடித்திருக்கிறாள். எந்த அறைக்கு என்ன நிறம், நாற்காலி எங்கே இருக்கணும், ஜன்னலுக்கு என்ன திரை என்று கேட்டு அவளைத் தேடி வருகிறார்கள். வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிடம் தயங்குவார்கள், தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று. ஏனென்றால் அவள் வீட்டில் எல்லாச் சுவரும் வெள்ளை. முன்னறையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும், ஒரு பீரோ நிற்கிற அளவுக்கு, மஞ்சளும் செங்கல் சிவப்பும் தெரியும்.

நான் பக்கத்து வீட்டுத் தையல்காரி. அவள் சொல்லும் திரைகளையும் மெத்தை உறைகளையும் தைத்துக் கொடுப்பவள். அது ஏன் அப்படி என்று வருகிறவர்கள் என்னைத்தான் கேட்பார்கள். அந்த வெள்ளையில் எனக்கே தெரியாமல் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர். இருபது நாளைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். ராத்திரியில் ஓட்டிப் பழகிய உடம்பு, பகலில்தான் தூக்கம் கேட்கும். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு புரள்வார். அதைப் பார்த்துவிட்டு அவள் படுக்கையறைக்கு அடர்ந்த நீலம் அடித்தாள். அந்தத் தடவை மனிதர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. அப்படித்தான் ஆரம்பித்தது. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும், ஓர் இலை கூடக் கண்ணில் படாது. அங்கே தளிர்ப் பச்சை. இருட்டான நடைக்குக் கொய்யாப்பழத்தின் உள்சதை நிறம். முன்னறையில் இடுப்புயரம் வரை செங்கல் சிவப்பு, மேலே மஞ்சள், இரண்டும் சேருமிடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சைக் கோடு.

"ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு இது என் வீடுதானான்னு கேட்டுட்டுத்தான் உள்ள வர வேண்டியிருக்கு" என்பார் லாரிக்காரர்.

"வேற வீட்டுக்குப் போனா அவங்களே அடிச்சுத் திருப்பி அனுப்பிடுவாங்க. பயப்படாம வாங்க" என்பாள் இவள்.

பெயின்ட் எதுவும் கடையில் வாங்கியதில்லை. அவளுடைய தம்பி பெயின்டர். வேலை முடிந்த வீடுகளில் டின்னின் அடியில் மிஞ்சுவதைக் கேட்டு வாங்கி, சைக்கிளின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு வந்து அக்காவுக்குக் கொடுப்பான். தாயில்லாப் பிள்ளை அவன். இவள்தான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். டின்னைத் திறந்தால் பெயின்ட் மேல் ஆடை கட்டியிருக்கும். என்னிடம் லைனிங் துணி வாங்கிப் போய் வடிகட்டுவாள். கரண்டிக் கணக்கில் கலந்து, பழைய காலண்டர் அட்டையில் தடவி, சுவரில் ஒட்டி மூன்று நாள் விட்டுவிடுவாள். காலையில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, விளக்கு போட்ட பிறகு ஒரு தடவை பார்ப்பாள்.

"ஈரமா இருக்கிறப்போ கலரை நம்பக் கூடாதுக்கா. காயட்டும். அப்புறம்தான் அது யாருன்னு தெரியும்" என்பாள்.

பிடித்துப்போன கலவையை எழுதி வைக்க நோட்டு கிடையாது. முன்னறைச் சுவரில் இரும்பு பீரோ நிற்கிற இடத்துக்குப் பின்னால், அந்த மஞ்சள் மேலேயே, பெருவிரல் அளவுக்கு அந்த நிறத்தைத் தொட்டு வைத்து, பக்கத்தில் பென்சிலால் எழுதுவாள். நீலம் ஆறு கரண்டி, கறுப்பு அரை, படுக்கையறை. இந்த மாதிரி. ஒவ்வொரு தடவையும் பீரோவை நகர்த்த என்னைத்தான் கூப்பிடுவாள். கனமான பீரோ, ஒரு ஆளால் அசைக்க முடியாது.

"ஒரு நோட்டு வாங்கிக்கோயேன், என் இடுப்பு பொழைச்சுப் போகும்" என்றேன்.

"நோட்டைப் பழைய பேப்பர்காரன் தூக்கிட்டுப் போயிடுவான். சுவத்தை யாரு தூக்கிட்டுப் போவா?" என்றாள்.

அக்கம்பக்கத்தில் நாலைந்து வீட்டுக்கு நிறம் சொல்லிக் கொடுத்தாள். என் தையல் அறைக்கு வெளிர் சாம்பல் சொன்னாள், கறுப்பு நூல், வெள்ளை நூல் இரண்டுமே இப்போது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இது ஒரு தொழில், தன்னையும் ஒருவர் நம்பி வீட்டை ஒப்படைப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. பல் டாக்டரம்மா வரும் வரைக்கும்.

அந்த அம்மாவின் ஆஸ்பத்திரிக்குத் தம்பி பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாடு கொண்டுபோனவள், நோயாளிகள் காத்திருக்கும் அறை முழுக்கப் பளபளவென்று வெள்ளை ஏறுவதைப் பார்த்துவிட்டு வாய் சும்மா இராமல் சொல்லியிருக்கிறாள்: "ஏன்டா, பல்லு பிடுங்கப் போறோம்னு பயந்து உக்காந்திருக்கிற புள்ளைங்களுக்கு இந்தச் சுவத்தைப் பார்த்தா இன்னும் வயித்தைக் கலக்காதா? அவங்க கண்ணு நிக்கிற உயரத்துல மட்டுமாவது வேற ஏதாவது அடியேன்."

டாக்டரம்மா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம். என்ன அடிக்கலாம் என்று கேட்டார். இவள் சொன்னாள். அரை மணி நேரம் பேசியிருக்கிறார்கள். கடைசியில் அவர், "நான் புதுசா வீடு கட்டிட்டு இருக்கேன், எட்டு ரூம். நீங்க உங்க வீட்டை எப்படி வெச்சிருக்கீங்கன்னு நான் பார்க்கணும். ஞாயித்துக்கிழமை வரட்டுமா? பிடிச்சிருந்தா முழு வீட்டையும் உங்ககிட்டயே விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டார். தம்பி பக்கத்தில்தான் பிரஷ்ஷோடு நின்றான். சிரித்தான் என்று அவள் சொன்னாள்.

சான்றிதழ் இல்லை, படிப்பு இல்லை. கையில் இருந்தது பட்டன் போன், அதில் ஒரு படமும் கிடையாது. காட்டுவதற்கு அவளிடம் இருந்ததெல்லாம் அந்த நாலு சுவர்தான். அந்த வாரம் முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை. நடையை இரண்டு தடவை துடைத்தாள். திரைகளைக் கழற்றித் துவைத்து என்னிடம் இஸ்திரிக்குக் கொடுத்தாள்.

புதன்கிழமை தம்பி என் வீட்டுக்கு வந்தான். "தையலக்கா, எங்கக்கா சாப்பாடு தூக்கம் இல்லாம பறக்குது. வெள்ளி, சனி ரெண்டு நாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன். முதல் வேலை கிடைக்கப் போகுது, சாமி கும்பிட்டுட்டு வந்து ஆரம்பிக்கட்டும். பஸ் டிக்கெட் எடுத்தாச்சு" என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தம்பியை யாருக்குக் கொடுப்பாய் என்று சாமியிடம் கேட்டேன். அவள் தயங்கினாள். நான்தான் விடவில்லை. சாமி காரியத்துக்குத் தயங்கக் கூடாது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பஸ் கிளம்பும் வரை நின்று கையாட்டினான்.

கோயிலில் அவள் ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றாள். வெளியே வந்ததும், வேலை கிடைக்கணும் என்று வேண்டிக்கொண்டாயா என்று கேட்டேன்.

"அதைக் கடைசியாத்தான் சொன்னேன். முதல்ல தம்பிக்கு. இன்னும் எத்தனை நாள் அவன் ஏணியிலயே நிப்பான்? அவனும் தனியா ஒரு தொழில் பார்த்து மேல வரணும்."

சனிக்கிழமை வெயில் சாயும் நேரத்துக்குத் திரும்பினோம். கதவைத் திறந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். புது பெயின்ட் வாடை. முன்னறை வெள்ளை. நடை வெள்ளை. அடுப்படி வெள்ளை. படுக்கையறையில் மட்டும், எத்தனை கோட்டிங் கொடுத்தும் அந்த நீலம் அடங்காமல், சொட்டு நீலம் அதிகமாகிப்போன வேட்டி மாதிரி இருந்தது.

தம்பி உள்ளேதான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வீட்டு ஓனர் வந்தாருக்கா. சனிக்கிழமைக்குள்ள வெள்ளையடிக்கலைன்னா வீட்டைக் காலி பண்ணணும்னு சொல்லிட்டாரு. உனக்கு போன் பண்ணினா கோயில்ல மனசு ஒட்டாதேன்னு நானே ஆள் வெச்சு அடிச்சுட்டேன்" என்றான். தலை குனிந்தபடியே சொன்னான்.

அவள் அழவில்லை. ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு, "ரெண்டு நாளா இதுலயே நின்னியாடா? சாப்பிட்டியா?" என்று கேட்டு அவனுக்கு டீ போட்டாள். அவன் குடித்தான். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த டீயை அவன் முழுசாகக் குடித்தான்.

ஞாயிறு காலையில் மோட்டார் பார்க்க ஓனர் வந்தார். வாசலில் நின்றபடி உள்ளே பார்த்துவிட்டு, "என்னம்மா, எல்லாத்தையும் அழிச்சுட்டீங்க?" என்றார்.

"நீங்கதானேங்க அடிக்கச் சொன்னீங்க?"

"நானா? நான் இந்தப் பக்கம் வந்தே ஒரு மாசமாச்சு. என் மருமக கிட்ட உங்க வீட்டைக் காட்டணும்னு சொல்லிட்டு இருக்கேன். நான் எதுக்கு வெள்ளையடிக்கச் சொல்றேன்?"

ஓனர் போன பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் ஏதேதோ சொன்னேன், யாரோ மாற்றிச் சொல்லியிருப்பார்கள் என்று. அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் கண் முழுக்க பீரோ மேல் இருந்தது. பீரோவின் ஓரத்தில் வெள்ளை பெயின்ட் ஒரு கோடாகத் தீற்றியிருந்தது. நகர்த்தாமல் சுற்றி அடித்திருக்கிறான். அது அவனுடைய பழைய வழக்கம். சாமானை நகர்த்தி அடிடா சோம்பேறி என்று அவளே நூறு தடவை திட்டியிருக்கிறாள்.

பதினோரு மணிக்கு டாக்டரம்மா வந்தார். தம்பியும் கூட வந்தான், புதுச் சட்டை போட்டுக்கொண்டு.

"உங்க வீடு வெறும் வெள்ளைதான்னு தம்பி முன்னாடியே சொன்னாரு" என்றார் அந்த அம்மா, கொஞ்சம் சங்கடமாக. "அன்னிக்கு நீங்க பேசினதைக் கேட்டு நான்தான் வேற மாதிரி நினைச்சுட்டேன். தம்பி தான் செஞ்ச வேலையெல்லாம் போட்டோ அனுப்பியிருந்தாரு. அதுவே எனக்குப் பிடிச்சிருந்துச்சு. இருந்தாலும் வர்றேன்னு உங்ககிட்ட சொன்னேன் இல்லையா, அதான் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு."

போனை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நீலப் படுக்கையறை. கொய்யா நிற நடை. அடுப்படி ஜன்னலில் தொங்கியது நான் தைத்த திரை. துணி பத்தாமல் கீழே வேறு துணியில் ஒரு பட்டை கொடுத்திருந்தேன், அந்தப் பட்டையும் அப்படியே தெரிந்தது. படத்தின் அடியில் அவன் பெயரும், வீட்டு உள் அலங்கார நிபுணர் என்றும் போட்டிருந்தது.

என் நாக்கு துடித்தது. அவள் என் கையை அழுத்தினாள்.

"தம்பி, இந்த பீரோவை அந்தப் பக்கம் நகர்த்தணும். ஒரு கை பிடி" என்றாள்.

அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது. "இப்ப எதுக்குக்கா? டாக்டரம்மா நிக்கறாங்க."

நான் பிடிக்க எழுந்தேன். "நீங்க உக்காருங்கக்கா. என் தம்பி இருக்கான்" என்றாள்.

இரண்டு பேர் பார்க்கும்போது ஒரு பீரோவை நகர்த்த மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பிடித்தான். காய்ந்தும் காயாமலும் இருந்த பெயின்ட் பீரோவின் ஓரத்தில் ஒட்டியிருந்தது, நகர்த்தும்போது சர்ரென்று கிழிந்தது. பின்னால் மஞ்சள், சிவப்பு, நடுவில் இரண்டு விரல் பச்சைக் கோடு. மஞ்சள் மேல் வரிசையாக அவள் தொட்டு வைத்த நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கோணல் எழுத்தில் கரண்டிக் கணக்கு.

டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். படுக்கையறை, ஆறு கரண்டி. நடை, சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்பது.

"இது யாரு எழுத்து?" என்று கேட்டார்.

"அக்காவோடதுதான் மேடம். நானும் சேர்ந்துதான்..." என்று இழுத்தான் அவன்.

"ஆமா டாக்டரம்மா" என்றாள் அவள். "இதுல இருக்கிற எல்லாக் கலரும் இவன் கொண்டுவந்து கொடுத்தது. அது பொய் இல்லை." அதற்கு மேல் அவனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

அவன் வெளியே போனான். சைக்கிளை எடுக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்த வாசலுக்கு அவன் வரவில்லை.

எட்டு அறை வேலையும் அவளுக்குத்தான் கிடைத்தது. அதைப் பார்த்து இன்னொன்று வந்தது, அதைப் பார்த்து மற்றொன்று. ஆறு வருஷம் ஆகிவிட்டது. எந்த வீட்டில் வேலை ஆரம்பித்தாலும் பெயின்டர்களிடம் அவள் சொல்கிற முதல் வார்த்தை, எல்லாச் சாமானையும் நகர்த்திவிட்டு அடியுங்கள் என்பதுதான். தம்பி இதே ஊரில்தான் வேறு பக்கம் ஏணி ஏறிக்கொண்டிருக்கிறான். அவள் அவனைப் பற்றித் தப்பாகப் பேசி நான் கேட்டதில்லை. நல்லதாகப் பேசியும் கேட்டதில்லை. அந்தக் கோயிலுக்கு நாங்கள் மறுபடி போகவில்லை. சாமி மேல் குற்றமில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டும்போது நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

லாரிக்காரர் மறுபடி முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். "ஊர்ல இருக்கிற வீட்டுக்கெல்லாம் கலர் கொடுக்கிறா, எனக்கு மட்டும் ஆஸ்பத்திரியில பெட்டு போட்டிருக்கா" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவருக்காகப் போன வாரம் நானே கேட்டேன்.

"இப்ப உனக்கு என்ன குறைச்சல்? எந்தக் கடைக்குப் போனாலும் வேணுங்கற கலர் கிடைக்கும். அந்த நீலத்தையாவது திரும்ப அடிக்கக் கூடாதா?"

அவள் காலண்டர் அட்டை ஒன்றில் யாருடைய வீட்டுக்கோ ஒரு பச்சையைத் தடவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"கடையில கிடைக்கும்க்கா" என்றாள். "மிச்சம் கொண்டுவந்து கொடுக்கத்தான் ஆள் இல்லை."